பெர்லினில் முதல்முறை ஹாஸ்டலில் தங்கப் போகிறவர்களுக்கு: பதிவு முதல் செக்-அவுட் வரை

ஹாஸ்டலில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அறையை அல்ல, ஒரு படுக்கையை. அதே அறையில் இன்னும் ஐந்து பேரோ பதினொரு பேரோ தூங்குவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்தால் பெர்லின் போன்ற ஊரில் தங்கும் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், தூக்கமும் கெடாது.

படி 1: விலைக்கு முன் இடத்தைப் பாருங்கள்

பெர்லின் பரந்து கிடக்கும் ஊர். நகரின் மையப்பகுதியைச் சுற்றி ரிங்பான் என்ற வட்ட ரயில்பாதை ஓடுகிறது. அந்த வட்டத்துக்குள், ஏதாவது ஒரு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹாஸ்டல் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் மிச்சம் பிடித்த காசு பயணத்திலேயே போய்விடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ரோசென்தாலர் பிளாட்ஸ் பக்கத்தைத்தான் நான் சொல்வேன். அங்கிருந்து யு8 என்ற சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமே நகர மையத்துச் சதுக்கமான அலெக்சாண்டர் பிளாட்ஸ். வார்ஷாவர் ஸ்ட்ராசே பக்கமும் ஹாஸ்டல்கள் உண்டு. சுவரோவியங்கள் நிறைந்த ஈஸ்ட் சைட் கேலரிக்கு நடந்தே போகலாம். ஆனால் சுற்றிலும் இரவு விடுதிகள். வெள்ளி, சனி இரவுகளில் தெருவே தூங்காது.

படி 2: பதிவு செய்யும்போது

ஒரே படுக்கைக்கு வார நாளில் ஒரு விலை, வார இறுதியில் வேறு விலை. தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடிந்தால் ஞாயிறு முதல் வியாழன் வரை தங்குங்கள். ஆறு பேர் அறை போதும். பன்னிரண்டு பேர் அறையில் மிச்சமாகும் சில யூரோவுக்கு மறுநாள் கண்ணெரிச்சல்தான் கிடைக்கும். பெண்களுக்கு மட்டுமான அறை பல இடங்களில் தனியாக உண்டு. பல ஹாஸ்டல்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொது அறையில் சேர்ப்பதில்லை. குழந்தைகளோடு போனால் தனி அறை எடுக்க வேண்டியிருக்கும்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை விடுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் எழுதியவற்றில் மூட்டைப்பூச்சி, சத்தம், லாக்கர் ஆகிய மூன்றைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் போதும்.

விசா தேவைப்படுகிறவர்கள் விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவை மட்டும் போடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். திரையில் தெரியும் விலையோடு பெர்லின் நகர வரியும் சேரலாம். 2025 ஜனவரியிலிருந்து அது 5 விழுக்காட்டிலிருந்து 7.5 ஆக உயர்ந்திருக்கிறது.

படி 3: பையில் என்ன

லாக்கருக்கு ஒரு சின்னப் பூட்டு. இதை மறந்தால் ரிசப்ஷனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். துண்டு, ரப்பர் செருப்பு, காதடைப்பான், கண்மூடி. அப்புறம் ஒரு அடாப்டர். ஜெர்மன் பிளக் பாயிண்ட் வட்டமாக உள்ளே குழிந்திருக்கும்; நம் ஊர் இரண்டு பின் சார்ஜரின் பின் பொருந்தினாலும், உடல் பருமனாக இருந்தால் குழிக்குள் இறங்காது. கொஞ்சம் நீளமான கேபிளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: விமான நிலையத்திலிருந்து ஹாஸ்டலுக்கு

பெர்லினில் பயணக் கட்டணம் ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களை வைத்துத்தான். விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் மூன்றுக்கும் சேர்த்த ஏபிசி டிக்கெட் எடுக்க வேண்டும். காகித டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்காவிட்டால், ரயில் ஏறும் முன் நடைமேடையில் உள்ள பெட்டிக்குள் செருகி முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டோடு மாட்டினால் 60 யூரோ அபராதம்.

அறை பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலையில் போய்ச் சேர்ந்தால் பையை ஹாஸ்டலில் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பலாம். பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு படிவம் நிரப்ப வேண்டும்; வெளிநாட்டவர்களுக்கு இது சட்டப்படி உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

படி 5: படுக்கையும் இரவும்

இந்தப் படியில்தான் பலர் சொதப்புகிறார்கள். படுக்கை எண் தராவிட்டால் கதவிலிருந்து தள்ளி இருக்கும் கீழ்க் கட்டிலைப் பிடியுங்கள். பகலிலேயே விரிப்பைப் போட்டுவிடுங்கள். பத்து மணிக்கு முன்பே இரவு உடை, பல் துலக்கும் பிரஷ், மறுநாள் போடும் துணி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். நள்ளிரவில் பிளாஸ்டிக் பையைப் பிரிக்கும் சரசரப்பு மொத்த அறையையும் எழுப்பிவிடும். துணியைத் துணிப்பையிலேயே சுற்றி எடுத்துப் போனால் அந்தச் சிக்கலே இல்லை. அதிகாலை ரயில் இருந்தால் முந்தைய இரவே மூட்டை கட்டி, கைக்கு அடக்கமான ஒரு பையை மட்டும் கட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் வைப்ரேஷனில், போன் தலையணைக்கு அடியில். வீட்டுக்குப் பேசுவதெல்லாம் கீழே வரவேற்பறையில்தான்.

பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் குளிக்கப் போகும்போதுகூட உங்களோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய லாக்கரில்.

படி 6: குளியலறை

நம்மவர்களுக்குக் கொஞ்சம் பழக வேண்டிய இடம். ஷவர் தட்டுக்கு வெளியே தண்ணீர் போக வழி பெரும்பாலும் இருக்காது. தரையை நனைத்தால் தேங்கி நிற்கும். கழிப்பறையில் காகிதம் மட்டும்தான். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போங்கள், வேலை முடியும். காலை எட்டு மணி நெரிசலைத் தவிர்க்க ஏழுக்கே குளித்துவிடலாம்.

படி 7: சாப்பாடு

பெரிய ஹாஸ்டல்கள் பலவற்றில் விருந்தினர் சமையலறை கிடையாது. சமைக்கும் எண்ணம் இருந்தால் பதிவுக்கு முன்பே பாருங்கள். இருந்தால், ஃபிரிட்ஜில் வைக்கும் பொருள் மேல் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மத்திய ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃப் உள்ளே இருக்கும் கடைகள் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் பெரும்பாலும் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

படி 8: கிளம்பும் நாள்

பத்து அல்லது பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் உருவி, சொன்ன கூடையில் போடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பிளக் பாயிண்டிலும் ஒரு பார்வை. சார்ஜர் மறக்கும் இடம் அதுதான். கீ கார்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். விமானம் மாலையில் என்றால் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் லாக்கருக்குச் சில்லறைக் காசு போட வேண்டும், அதனால் ஒன்றிரண்டு யூரோ நாணயங்களைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.