பழ ஈயின் இறக்கையில் நாட்ச் சிக்னலைப் பார்ப்பது எப்படி

செல் சிக்னலிங் படிக்க ஈ லேபில் சேருகிறவர்கள் பலர் முதல் நாளே கேட்பது, கன்ஃபோக்கல் மைக்ராஸ்கோப்பில் (லேசர் ஒளியில் செல்லுக்குள் அடுக்கடுக்காகப் பார்க்கும் கருவி) எப்போது உட்காரலாம் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். முதல் மாதத்துக்கு ஒரு சாதாரண ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் மெல்லிய பெயின்ட் பிரஷும் போதும், கூடவே காலையில் சீக்கிரம் எழும் பழக்கம் வேண்டும். 1910களில் மரபியலாளர் மார்கன் குழுவின் ஈக்களில் இறக்கை ஓரம் கடித்தெடுத்ததுபோல வெட்டுப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் நாட்ச் என்ற பெயரே வந்தது. அந்த மரபணு செல்லின் மேற்பரப்பில் நின்று பக்கத்து செல்லின் செய்தியை வாங்கும் புரதத்தை உண்டாக்குகிறது என்பது 1980களில்தான் தெரிந்தது. அந்த வெட்டை உங்கள் கையாலேயே உண்டாக்கிப் பாருங்கள்.

இரண்டு ஈ வகை வேண்டும். ஒன்று சி96-கேல்4, இது இறக்கை ஓரத்துச் செல்களில் கேல்4 என்ற ஈஸ்ட் புரதத்தை உண்டாக்கும். இன்னொன்று யூஏஎஸ்-நாட்ச்-ஆர்என்ஏஐ, இதிலுள்ள யூஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டில் கேல்4 வந்து ஒட்டினால்தான் இது வேலை செய்யும், ஆர்என்ஏஐ (ஒரு மரபணுவின் செய்தியை அழிக்கும் உத்தி) வழியாக நாட்சை அடக்கும். ஒன்றிடம் சுவிட்ச், மற்றதிடம் பல்பு, பிள்ளைகளில்தான் விளக்கு எரியும் (எரிகிற விளக்கு இங்கே நாட்சை அணைக்கிறது என்பது வேடிக்கை). பிராண்டும் பெரிமனும் 1993இல் வெளியிட்ட இந்த உத்தி இன்றும் ஈ லேப்களின் அன்றாடச் சோறு. ஸ்டாக்குகள் (தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருக்கும் ஈ வகைகள்) அமெரிக்காவில் புளூமிங்டன் ஸ்டாக் சென்டரில் கிடைக்கும். இந்தியாவில் இருந்தால் முதலில் பக்கத்து லேபில் கேட்டுப் பாருங்கள், பாதி நேரம் அங்கேயே இருக்கும். வந்த ஸ்டாக்கை உடனே மற்றவற்றோடு வைக்காதீர்கள். உண்ணி ஒட்டிக்கொண்டு வந்தால் லேபே தலையில் கை வைக்கும்.

அப்புறம் வர்ஜின், அதாவது இன்னும் இணையாத பெண் ஈ, எடுப்பது. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான், நானும் சறுக்கியிருக்கிறேன்: ஒருமுறை பேருந்து தாமதம் என்று இரண்டு மணி நேரம் பிந்திப் போய், பரவாயில்லை என்று எடுத்த பெண் ஈக்களால் மூன்று வாரம் வீண். பெண் ஈ ஒருமுறை இணைந்தால் அந்த விந்தைப் பல நாள் சேமித்து வைத்துக்கொள்ளும், அதன் முட்டைகள் யாருடையவை என்று உங்களால் சொல்ல முடியாது. 25 டிகிரியில் கூட்டிலிருந்து வெளிவந்து சுமார் 8 மணி நேரம் வரை அது இணையாது. ஆகவே காலையில் பாட்டிலில் இருக்கும் எல்லா ஈயையும் தட்டி வெளியேற்றுங்கள், 8 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து புதியவற்றை கார்பன் டை ஆக்சைடு பேடில் போட்டு மயக்கிப் பிரித்தெடுங்கள். வயிற்று நுனி கறுப்பாகவும் முன்னங்காலில் சின்னக் கறுப்புச் சீப்பு மாதிரியும் இருந்தால் ஆண். வெளிறிய, கொஞ்சம் ஊதிய உடலும் வயிற்றில் ஒரு கரும்பொட்டும் இருந்தால் அப்போதுதான் பிறந்த பெண். எடுத்தவற்றைத் தனி வயலில் (ஈ வளர்க்கும் சின்னக் குழாய்) இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள், புழு தெரிந்தால் அந்த வயலே குப்பைக்கு.

கேல்4 வர்ஜின்கள் பத்துப் பதினைந்து, ஆர்என்ஏஐ ஆண்கள் ஐந்தாறு, ஒரே வயலில். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெற்றோரைப் புது வயலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் புழுக்கள் நெருக்கியடித்து குட்டை ஈக்களாகப் பிறந்து உங்களைக் குழப்பும். கூடவே கேல்4ஐ வெள்ளைக் கண் மரபணுவுக்கு எதிரான ஆர்என்ஏஐ ஈயோடு கிராஸ் செய்யும் (இணைய விடும்) கன்ட்ரோல் வயலும், ஒப்பிட்டுப் பார்க்க, அதே நாளில், அதே ரேக்கில். இதை விட்டுவிட்டு அழகான படம் காட்டினால் நான் பார்க்கவே மாட்டேன்.

25 டிகிரியில் பத்து நாளில் பிள்ளைகள் வரும். வெட்டு லேசாக இருந்தால் அடுத்த தடவை 29 டிகிரியில் வளருங்கள், கேல்4 சூட்டில் வலுவாக வேலை செய்யும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், ஆண்கள் மலடாகும்.

சரி, வெட்டு தெரிகிறது. இப்போது செல்லுக்குள் போகலாம். அதே கிராஸில், வயலின் சுவரில் ஏறித் திரியும் மூன்றாம் நிலைப் புழுவை இரண்டாக வெட்டி, முன்பாதியைத் தலையணை உறையைத் திருப்புவதுபோல உள்புறம் வெளியே வரத் திருப்புங்கள். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வைத்துவிட்டு, கட் என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி போடுங்கள். இயல்பான இறக்கை டிஸ்க்கில் (புழுவுக்குள் இருக்கும், பின்னால் இறக்கையாகும் செல் தகடு), மேல்பக்கமும் கீழ்பக்கமும் சந்திக்கும் கோட்டில் நாட்ச் சிக்னல் கட் புரதத்தை மெல்லிய பட்டையாக எழுப்பும். உங்கள் டிஸ்க்கில் அந்தப் பட்டை அங்கங்கே அறுந்திருக்கும். பின்னால் ஈயில் வெட்டாக வரப்போவது அந்த அறுபட்ட இடங்கள்தான்.

கன்ஃபோக்கல் நேரத்துக்கு இப்போது எழுதிப் போடுங்கள். இரண்டு ஸ்டாக்குகளிலும் ஒவ்வொரு வயல் 18 டிகிரியில் இருக்கட்டும், யாராவது முதல் கிராஸைத் திரும்பச் செய்து காட்டச் சொல்வார்கள்.