அயர்லாந்தின் 'சூகான்': வைக்கோற்புரி திரிக்கும் முறை

கடைக்கயிறு வருவதற்கு முன் அயர்லாந்துக் கிராமங்களில் வைக்கோற்போர் கட்டவும், நாற்காலி பின்னவும், மேற்குக் கடலோரத்தில் கூரை காற்றில் பறக்காமல் இழுத்துக்கட்டவும் உதவியது சூகான் என்னும் வைக்கோற்புரி. திரிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து வைக்கோல் தாள் கொடுப்பார். மற்றவர் கொக்கியைச் சுழற்றியபடி பின்னால் நடப்பார்.

ஓட்ஸ் வைக்கோல் நல்லது. அரிவாளால் அறுத்து, கல்லில் அடித்துத் தானியம் பிரித்ததாக இருக்கட்டும். இயந்திரத்தில் அடித்த தாள் நொறுங்கியிருக்கும். சருகையும் குட்டைத் தாள்களையும் உதறிக் கழித்துவிட்டு, முந்தின இரவே தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடி வையுங்கள். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். சொட்டச் சொட்ட நனைத்தால் காய்ந்தபின் புரி தளர்ந்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

கொக்கிக்கு, மரக்கைப்பிடிக்குள் தாராளமாகச் சுழலும் வளைந்த கம்பி போதும். ஒரு சிறு பிடித் தாளை மடித்து அதில் மாட்டிச் சுற்றத் தொடங்குங்கள், கடைசிவரை ஒரே திசையில்.

சூட்சுமமெல்லாம் தாள் கொடுப்பவர் கையில். ஒரு கை புரியின் கழுத்தை, அதாவது தாள்கள் புரியோடு சேரும் இடத்தை, இறுக்கிப் பிடித்திருக்கும். மறு கை, முந்தைய தாள்கள் தீருமுன்பே ஐந்தாறு தாள்களாக நுழைத்துக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்தால் முறுக்கு குவியலுக்குள் ஓடி எல்லாம் சிக்காகும். கற்றையாகக் கொடுத்தால் அந்த இடம் தடிக்கும். தடித்த இடத்தில் முறுக்கு ஏறாது, பக்கத்து மெல்லிய இடத்துக்கே ஓடி அங்கே அறுக்கும். தடவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதுவரை அவிழ்த்துத் திரும்பத் திரிப்பதே வழி. புரி தானாக வளையம் போட்டுச் சுருண்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது. சுற்றுவதை நிறுத்தி இரண்டடி பின்னால் போங்கள்.

பின்னால் நடப்பவர் வாசலைக் கவனிக்கட்டும். வேண்டாத மாப்பிள்ளையைப் புரி சுற்றச் சொல்லி, அவன் வாசற்படி தாண்டியதும் கதவைச் சாத்திய கதை அங்கே பிரசித்தம்.

முடித்ததும் விறைப்பு விடாமல் உருண்டையாகச் சுற்றி நுனியைச் செருகுங்கள். கைவிட்டால் அவிழ்ந்துபோகும்.

கூரைக்கு என்றால், இறவாணத்துக்குக் கீழே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்முளைகளில் புரியை இழுத்துக் கட்டுவார்கள். நாற்காலி இருக்கைக்கு மெல்லிய புரியாகத் திரித்து, முன்சட்டத்தின் மூலையில் தொடங்குங்கள்: சட்டத்தின் மேலாகப் போய், அடியில் வந்து, உள்ளிருந்து எழுந்து பக்கச்சட்டத்தின் மேல் சுற்றி, எதிர்ப்பக்க மூலைக்கு. இப்படி நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி நெருங்கும். மேல்சுற்றுக்கும் அடிச்சுற்றுக்கும் இடையே அவ்வப்போது வைக்கோல் திணியுங்கள். திணிக்காவிட்டால் சட்டத்தின் விளிம்பில் புரி உராய்ந்து முதலில் அங்கேதான் அறும்.