லப்டொப் இல்லாமல் ஊருக்குப் போகிறவர்களுக்கு

போனை ரீவியில் செருகிக் கொம்பியூட்டராகப் பாவிக்கலாம் என்று லப்டொப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போவதென்றால், முதலில் உங்கள் போனைப் பாருங்கள். சாம்சுங்கில் இதற்கான டெக்ஸ் வசதி 2017இல் எஸ்8உடன் வந்தது. விலை குறைந்த ஏ வரிசையில் அநேகமாக இல்லை. ஐபோன் 15இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் வயரைச் செருகினால் ரீவியில் படம் வரும், ஆனால் போனில் தெரிவதுதான் அங்கும் தெரியும். போனையும் ரீவியையும் இணைக்கும் டொக்கில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் போதாது, சார்ஜ் ஏற்றும் துளையும் வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கலாம். கந்தோரைத்தான் சமாளிக்க முடியாது.

அம்மாவின் காணி அலுவலாகப் போனேன். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சத்தியக் கடதாசி வேண்டும் என்றார்கள். ஸ்கான் செய்து வைத்திருந்த அத்தனையையும் போனில் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பேப்பரில கொண்டு வாங்கோ."

சித்தி வீட்டு ரீவியில் டொக்கைச் செருகிச் சத்தியக் கடதாசியை ரைப் அடிக்கத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இருந்து என்ன, ரீவி அணைந்தால் டெக்ஸும் போச்சு. (சாம்சுங் டப் எஸ் வரிசை டப்லெட்டுகள் பலவற்றில் டெக்ஸ் அதன் திரையிலேயே ஓடும். வசதி இருந்தால் அதைக் கொண்டு போங்கள்.) மிச்சத்தைச் சின்னத் திரையில் விரலால் அடித்து, கொமினிகேசன் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தேன். கையெழுத்துக்குச் சமாதான நீதவானைத் தேடினால் அவர் செத்தவீட்டில். அடுத்த நாள் கந்தோரில் வேறொருவர் இருந்தார். அவர் அந்தக் கடதாசியைக் கேட்கவே இல்லை! ஆகவே எல்லாவற்றையும் வெளிக்கிட முதலே பிரிண்ட் எடுத்து, இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள்.

அப்புறம், சொந்தக்காரர் உங்கள் போனைத் தரச்சொல்லிக் கேட்பார்கள். சித்தியின் மகன் கேட்டான். நான் வெளிநாடு வந்த பிறகு அந்தக் காணிக்கு வேலி அடைத்ததும் விதானையாரிடம் அலைந்ததும் சித்திதான். அவவின் பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் வேலையும் வங்கிக் கணக்கும் கனடா சிம்முக்கு வரும் ஓரிபி என்ற இரகசிய இலக்கமும் அந்த ஒரு போனுக்குள்தான். டொக்கையும் கீபோட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன், அவன் முகத்தில் சிரிப்பில்லை.

நீங்கள் கொடுப்பதற்கென்றே இன்னொரு போன் கொண்டு போங்கள். புதிதாக வேண்டாம், பழைய எஸ்10 போதும். அதிலும் டெக்ஸ் இருக்கிறது, சாதாரண டொக்கிலேயே ஓடும். அவனுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்து யாராவது ஊருக்குப் போனால் கொடுத்தனுப்ப வேண்டும்.