படிப்புக்குக் கடனா, வீட்டுக்குச் சேர்த்த பணமா?

வீட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருக்கும்போது நல்ல படிப்பு ஒன்று கண்ணில் படும், முடித்தால் சம்பளம் கூடும் என்று தெரியும், கட்டணம் 2 லட்சம் என்பார்கள். உடனே "சேர்த்த பணத்தில் கை வைக்கக் கூடாது, கடன் வாங்கிக்கலாம்" என்று ஒருவர் சொல்வார், "வீட்டுக் கடன் வாங்கப் போகிற நேரத்தில் இன்னொரு கடனா" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உங்களுக்கு எது குறைகிறது என்பதைப் பொறுத்தது அது: முன்பணமா, இஎம்ஐ கட்டும் சக்தியா? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு தாளை எடுங்கள். மாதச் சம்பளம் 60,000, எல்லாக் கடன்களின் இஎம்ஐயும் சேர்த்து அதில் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கடன் தருபவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதாவது 24,000. 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 900 வரும், அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடன் ஏறக்குறைய 26.7 லட்சம். இப்போது படிப்புக்கு 2 லட்சத்தை 11 சதவீதத்தில் 4 வருடத்துக்கு வாங்குகிறீர்கள், மாதம் சுமார் 5,170 போகும். மிச்சம் 18,830தான், வீட்டுக் கடன் 20.9 லட்சமாக இறங்கிவிடும். வாங்கியது 2 லட்சம், குறைந்தது கிட்டத்தட்ட 6 லட்சம்! கடன் தருபவர் தொகையை மட்டுமல்ல, மாதாமாதம் எவ்வளவு போகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார். நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆனால் உடனே கடன் வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். வீட்டு விலையில் 20 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள், கையில் 6 லட்சம் இருக்கிறது என்றால் 30 லட்சம் வரை வீடு பார்க்கலாம். அதிலிருந்து 2 லட்சத்தை எடுத்துப் படிப்புக்குக் கட்டினால் 4 லட்சம்தான் மிச்சம், 20 லட்சத்தோடு நின்றுவிடுவீர்கள். கடன் வாங்கிப் படித்தால் 6 லட்சமும் 20.9 லட்சமும் சேர்ந்து 26.9 லட்சம் வரை போகலாம். இவருக்குக் கடன்தான் நல்லது. அதே சம்பளக்காரர் 10 லட்சம் சேர்த்திருந்தால் கதை தலைகீழ்: கையிலிருந்து கட்டினால் மிச்சம் 8 லட்சமும் 26.7 லட்சம் வீட்டுக் கடனும் சேர்ந்து 34.7 லட்சம், கடன் வாங்கினால் 10 லட்சமும் 20.9 லட்சமும் சேர்ந்து 30.9 லட்சம். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. ஜோடியாக விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் இரண்டு பேருடைய கடன்களும் கணக்கில் வரும், மறக்காதீர்கள்.

வீடு வாங்க இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்றால் கவலையே இல்லை, அதற்குள் படிப்புக் கடன் முடிந்துவிடும். ஒரு வருடத்துக்குள் என்றால்தான் இத்தனை யோசனையும். அதிலும் படித்து முடித்ததும் வேலை மாறுகிற எண்ணம் இருந்தால், புது வேலையில் சில மாதச் சம்பளச் சீட்டு சேரும் வரை பல இடங்களில் வீட்டுக் கடன் தயங்கித்தான் தருவார்கள். கூடப்போகும் சம்பளத்தை நம்பி இப்போதே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கடன்தான் என்று முடிவானால், படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்று சொல்வார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் ஒன்றரை வருடத்தில் 33,000 ஏறி நிற்கும். மாதம் சுமார் 1,830 வட்டியை மட்டுமாவது அப்போதே கட்டிவிடுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், ஏனென்றால் வீட்டுக் கடனுக்குப் போவதற்கு முன் இதை மொத்தமாக அடைக்க வேண்டிவரலாம்.

பயிற்சி நிறுவனமே "வட்டியில்லாத் தவணை" என்று சொன்னால் ரொம்பக் கவனம் தேவை. பல நேரம் அது வேறொரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். படிப்பு பிடிக்காமல் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, கடன் வரலாற்றிலும் ஏறும். பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டணம் கட்டி மெல்ல அடைக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம், அந்த வட்டி தாங்காது.

அப்புறம், வேலை பார்க்கும் இடத்தில் படிப்புச் செலவை ஏற்பார்களா என்று கேட்டீர்களா? இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று நிபந்தனை போடலாம், ஆனால் வீடு வாங்கும் வரை எப்படியும் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் அது பெரிய கஷ்டம் இல்லை.

கடனை அடைத்த பிறகு நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி, உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் அது முடிந்த கடன் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகச் சில வாரங்கள் எடுக்கலாம். அதைப் பார்த்த பிறகே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள்.