இக்வேட்: சமன் செய்வது அல்ல, சமமாக எண்ணுவது

'இக்வேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'சமப்படுத்து' என்று பொருள் மனப்பாடம் செய்துவிட்டு, சமம் வருகிற இடமெல்லாம் அதைப் போட்டுவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் சாதனையையும் சமன் செய்யலாம், கோல் அடித்து ஆட்டத்தையும் சமன் செய்யலாம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஈக்வல்', இரண்டாவதற்கு 'ஈக்வலைஸ்'. இரண்டிலும் வெளியே ஏதோ ஒன்று நடக்கிறது. 'இக்வேட்' பெரும்பாலும் மனத்துக்குள் நடக்கிற வேலை. பொருள்கள் இருந்தபடியே இருக்கும். ஒருவர் இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆகவே 'ஹி இக்வேட்டட் தி ரெக்கார்ட்' என்பது தவறு. 'ஹி ஈக்வல்ட் தி ரெக்கார்ட்' என்பதே சரி.

அதிகம் பேர் சறுக்குவது கூடவே வரும் சின்னச் சொல்லில். பணத்தையும் வெற்றியையும் ஒன்றாகக் கருதுகிறார்கள் என்பதற்கு 'தே இக்வேட் மனி வித் சக்சஸ்'. இங்கே 'வித்'தான் பழக்கம். 'டு' போடுபவர்களும் உண்டு. 'ஆஸ்' மட்டும் ஒட்டாது. 'கருது' என்று பொருள்படும் 'ரிகார்ட்' என்ற வினையோடு வருகிற 'ஆஸ்'ஸைப் பலர் இங்கேயும் இழுத்து வந்துவிடுகிறார்கள்.

எண்ணுகிற ஆள் யாரும் இல்லாமல், ஒன்று இன்னொன்றுக்குச் சமமாகிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமா? அப்போது 'டு' கட்டாயம். 'ஃபைவ் மைல்ஸ் இக்வேட்ஸ் டு அபவுட் எய்ட் கிலோமீட்டர்ஸ்' என்பதில் 'டு'வை எடுத்தால் வாக்கியம் நிற்காது. 'ஈக்வல்' வினையாக வந்தால் நேர்மாறு: 'டூ ப்ளஸ் டூ ஈக்வல்ஸ் ஃபோர்'. இதில் 'டு' நுழைந்தால் பிழை. 'இஸ்' சேர்ந்து 'இஸ் ஈக்வல் டு' ஆகிவிட்டால் 'டு' திரும்பவும் வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மூன்றும் பிடிபட்டால் பெரும்பகுதிப் பிழை தீர்ந்தது. எனக்கென்னவோ, மைல் கணக்குக்கெல்லாம் 'இஸ் அபவுட்' என்பதே போதும். 'இக்வேட்ஸ் டு' கொஞ்சம் மிடுக்கு.

கணக்குப் பாடத்தில் 'இக்வேட்' என்றால் இரண்டு கோவைகளைச் சமக்குறியின் இரு பக்கமும் வைப்பது. கடன் தவணையைக் குறிக்கும் இஎம்ஐயின் முதல் எழுத்தும் 'இக்வேட்டட்' என்பதற்கு உரியது; அங்கே மாதாமாதம் ஒரே தொகை வரும்படி சமமாக்கியது என்று அர்த்தம். இவை அந்தந்தத் துறைக்கான வழக்கு. அன்றாடப் பேச்சுக்கு இவற்றை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசைக்கு, 'வேட்' பக்கம்.

அப்புறம் 'கம்பேர்'. ஒப்பிட்டால் ஒற்றுமையும் தெரியலாம், வேற்றுமையும் தெரியலாம். 'இக்வேட்' செய்பவர் வேற்றுமையை ஒதுக்கிவிடுகிறார். அதனால்தான் இந்தச் சொல் மறுப்பிலும் குற்றச்சாட்டிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது: 'டோன்ட் இக்வேட் சைலன்ஸ் வித் கன்சென்ட்', அதாவது மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒருவர் இரண்டு தலைவர்களை வெறுமனே ஒப்பிட்டுப் பேசியிருக்க, 'யூ இக்வேட்டட் தெம்' என்று நீங்கள் எழுதினால், அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுகிறீர்கள். 'ஐ வாஸ் கம்பேரிங், நாட் இக்வேட்டிங்' என்று அவர் திருப்பிக் கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான்.