வான்கோழி வேட்டைக்குப் போகும் முன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களில் பலர், விலை கூடிய தோட்டாப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெட்டியில் அச்சடித்திருப்பது வேறு யாருடைய துப்பாக்கியிலோ எடுத்த கணக்கு. ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ரவைகளை, அதாவது சின்னச் சின்ன உலோக உருண்டைகளைத் தூவும் துப்பாக்கி. ஒரே மாடல் ஷாட்கன் இரண்டு இருந்தாலும், ஒரே தோட்டாவை இரண்டும் ஒரே மாதிரி தூவாது.

வான்கோழியின் உடம்பில் சுடக்கூடாது. இறகும் நெஞ்சுச் சதையும் ரவையை வாங்கிக்கொள்ளும். பறவை ஓடிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் இலக்கு. அதனால் வேட்டைக்காரர்களிடையே புழங்கும் அளவு இது: 40 கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை.

தேவையானவை

3 அடி அகலப் பழுப்புக் காகித ரோல், மார்க்கர், 10 அங்குல விட்டமுள்ள மூடி அல்லது தட்டு, தூரம் அளக்க டேப், மணல் மூட்டை, காது மூடி, கண்ணாடி. கூடவே ஒரு பெட்டி மலிவான, உதை குறைந்த தோட்டா.

1. சோக்கும் தோட்டாவும்

சோக் என்பது ரவை சிதறாமல் இருக்கக் குழலின் வாயில் திருகும் குறுகலான குழாய். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை இறுக்கித் திருகுங்கள். சுடச்சுட மரை தளரும். சில சுற்றுக்கு ஒருமுறை, மறுபடி காலி செய்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். ஈய ரவைக்கென்று வந்த மிகக் குறுகலான வான்கோழி சோக்கில் இரும்பு ரவை போடாதீர்கள்.

கேஜ் என்பது குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறிது. 12 கேஜ் தோட்டாவும் 20 கேஜ் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் வழியில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத்தான் தெரியும். பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் வந்ததே இதற்காகத்தான்.

2. முதலில் 20 கெஜம்

மலிவுத் தோட்டாவை இங்கேதான் செலவழிக்க வேண்டும். காகித நடுவில் ஒரு புள்ளி வைத்து, மணல் மூட்டையில் தாங்கிச் சுடுங்கள். ரவைக் கூட்டம் புள்ளியைச் சுற்றி விழுகிறதா என்பது மட்டுமே இப்போதைய கேள்வி. மேலே போனால் பெரும்பாலும் துப்பாக்கியில் குற்றமில்லை: கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையிலிருந்து தூக்கியிருப்பீர்கள். உட்கார்ந்து சுடும் வேட்டையில் இது அடிக்கடி நடக்கும்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்தியிருந்தால் வேலை சுலபம். அதன் திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ (குறியை நகர்த்தும் கோண அளவு) என்றால் 40 கெஜத்தில் அது ஏறக்குறைய 0.4 அங்குலம். அந்த 40 கெஜத்தில் கூட்டம் 4 அங்குலம் வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் 10 கிளிக்.

3. 40 கெஜத்தில் வேட்டைத் தோட்டா

ஒவ்வொரு சுடுதலுக்கும் புதுக் காகிதம். தோட்டா, சோக், தூரம் மூன்றையும் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு தோட்டாவுக்குக் குறைந்தது 3 தாள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

அடர்த்தியான இடத்தில் தட்டை வைத்து வட்டம் போடுங்கள். எண்ணிய துளையை மார்க்கரால் தொட்டுக்கொண்டே போனால் இரண்டு தடவை எண்ண மாட்டீர்கள். கிழிசலாகப் பெரிய ஓட்டை தெரிந்தால் அது வாட் (தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் அடைப்பு) பட்ட இடம், கணக்கில் சேராது. பிறகு குறிப்புள்ளியைச் சுற்றி இன்னொரு வட்டம். முதல் வட்டத்தில் 120, இரண்டாவதில் 60 என்றால் தோட்டா நல்லதுதான், குறிதான் விலகியிருக்கிறது. புதியவர்கள் இதைப் பார்க்காமல் தோட்டாவை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

எண்ணிக்கை குறைந்தால்

ரவையின் எண் கூடக்கூட உருண்டை சிறிதாகும். ஈய ரவை ஒரு அவுன்ஸுக்கு 4-ஆம் எண்ணில் சுமார் 135, 5-இல் 170, 6-இல் 225. ஒன்றே முக்கால் அவுன்ஸ் 5-ஆம் எண் தோட்டாவில் மொத்தமே 300 ரவைதான். வட்டத்தில் 100 வேண்டுமானால் மூன்றில் ஒன்று உள்ளே விழ வேண்டும். 6-ஆம் எண்ணில் நான்கில் ஒன்று போதும். டிஎஸ்எஸ் எனும் டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம்; அதனால் 9-ஆம் எண் பொடி ரவையே ஆழமாக இறங்கும். விலைதான் கண்ணைக் கட்டும். எந்த எண் வரை அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேட்டை விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

சோக் இன்னும் குறுகலாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் ஈய ரவை நசுங்கித் திசை மாறிப் பறக்கும், நடுவில் பொத்தல் விழும். அப்போது ஒரு படி அகலமான சோக்கைப் போட்டுப் பாருங்கள்.

4. கிட்டத்தில் ஒன்று, உங்கள் எல்லையில் ஒன்று

15 கெஜத்தில் ஒரு தாள் சுடுங்கள். கூட்டத்தின் பெரும்பகுதி மிகச் சிறிய இடத்துக்குள் இருக்கும். அருகில் வந்த சேவலை (ஆண் வான்கோழியை) தவறவிடுவது ஏன் இத்தனை சுலபம் என்று அந்தத் தாளே சொல்லும்.

40-இல் 100 வராவிட்டால் 35-க்கும், அங்கும் வராவிட்டால் 30-க்கும் இறங்குங்கள். மூன்று தாளிலும் 100 தாண்டும் தூரம்தான் உங்கள் எல்லை. சோக்கோ தோட்டாவோ மாறினால் மறுபடி முதலிலிருந்து.

காட்டில் மரத்தடியில் உட்கார்ந்ததும் தூரமானியால் அந்தத் தொலைவிலுள்ள ஒரு கட்டையையோ பாறையையோ குறித்து வையுங்கள். சேவல் அதைத் தாண்டி உங்கள் பக்கம் வரும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.