பெல்ட் இன்னும் ஓடுமா? மலைநாட்டு ஸ்கூட்டர்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாஸ், இன்னும் ஒரு மாசம் ஓடுமா?"

ஹட்டனிலும் சரி, பண்டாரவளையிலும் சரி, கராஜில் ஸ்கூட்டரின் இடப்பக்கக் கவரைக் கழற்றி, வெடித்த பெல்ட்டை பாஸ் கையில் எடுத்துக் காட்டியதும் வருகிற முதல் கேள்வி இதுதான். சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும், பிள்ளைக்குப் பாடசாலைச் சாமான் வாங்கிவிடுவோம் என்று நியாயமான காரணங்கள் பின்னால் இருக்கும். ஆனாலும் கேள்வி தவறானது. வெடித்த பெல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று எந்த பாஸாலும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது வேறு: அறுந்தால் எங்கே அறும்?

கொழும்பில் அறுந்தால் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு த்ரீவீலர் பிடிக்கலாம். இறம்பொடை வளைவில், மழையில், பின்னால் ஆளும் நடுவில் பிள்ளையும் இருக்கும்போது அறுந்தால் கதை வேறு. ஏற்றத்தில் வண்டி நின்று பின்னோக்கி உருளப் பார்க்கும். இறக்கத்தில் எஞ்சின் கொடுத்துவந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் ஒரே நொடியில் போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அதனால் சமவெளியில் "கொஞ்சம் பார்க்கலாம்" என்று விடக்கூடிய பெல்ட்டை மலையில் மாற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

மலை ஏன் பெல்ட்டை இப்படித் தின்கிறது என்பதைப் பார்ப்போம். கவருக்குள் முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி. இரண்டையும் இணைப்பது வி வடிவ ரப்பர் பெல்ட். அது தன் இரு பக்கச் சரிவுகளால் மட்டுமே கப்பியைப் பிடிக்கிறது. இழுவையைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் ஓடும் நூல் கயிறுகள். ஏற்றத்தில் முன் கப்பியின் இரு முகங்களும் விலகி, பெல்ட் உள்ளே அமிழ்ந்து மிகச் சிறிய வட்டத்தில் சுற்றும். அதாவது எஞ்சின் முழு மூச்சோடு தள்ளும் நேரத்தில்தான் பெல்ட் மிக இறுக்கமாக வளைகிறது, கப்பியை மிகக் குறைவாகத் தொடுகிறது. வழுக்கலும் சூடும் அங்கே பிறக்கின்றன. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குப் போனால் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த வழி நெடுக பெல்ட் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வேலை செய்கிறது.

கிலோமீட்டரை மட்டும் நம்புவது

பல கம்பெனிகளின் கையேடுகளில் 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றச் சொல்லியிருக்கும். அது சாதாரண ஓட்டத்துக்கான கணக்கு. தினமும் தோட்டத்து ஏற்றத்தில் இரண்டு பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் ஏற்றிப் போகும் ஸ்கூட்டருக்கு அந்த எண் உச்சவரம்பு. அதுவரை தாங்கும் என்ற உத்தரவாதம் அல்ல. மலையில் ஓடும் வண்டியின் கவரை கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலாவது திறந்து பார்ப்பது நல்லது.

மறுபக்கம், கிலோமீட்டர் ஏறவில்லை என்று சும்மா இருப்பதும் ஆபத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்கள் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வரத் தொடங்கின. அதனால் நம் வீதிகளில் ஓடும் ஸ்கூட்டர்களில் நிறைய அதற்கு முந்தியவை. பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் மூலையில் நின்ற வண்டிகளும் அவற்றில் உண்டு. ரப்பர் ஓடாமலே முதுமையடையும், இறுகும், வெடிக்கும். மீட்டரில் 9,000 என்று காட்டினாலும் பெல்ட்டுக்கு ஏழு வயது என்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பது

கவரைத் திறந்ததும் கண்ணில் படுவது பெல்ட்டின் முதுகு. அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எழுத்து அழிந்திருப்பதோ கவருக்குள் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருப்பதோ சேதம் அல்ல. பார்க்க வேண்டிய இடம் உட்புறம். அங்கே பல் பல்லாக இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில்தான் வெடிப்பு தொடங்கும். பெல்ட்டைக் கழற்றி, கையில் மெதுவாக வளைத்து, ஒவ்வொரு பள்ளமாக முழு வட்டமும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கிடக்கும் வெடிப்பு வளைத்ததும் வாய் திறக்கும். ஆனால் முறுக்கவோ மடிக்கவோ கூடாது, உள்ளே நூல் உடையும்.

அடிப்பள்ளத்தில் வெடிப்பு, பல் பிய்ந்திருப்பது, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கள். பக்கச் சரிவுகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்து இறுகியிருந்தால் அது வழுக்கி எரிந்த பெல்ட். அதன் காலமும் முடிந்தது.

வெடிப்பு எதுவும் இல்லை என்றால் அகலத்தை அளக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புதிய பெல்ட்டுக்கும் கழிக்க வேண்டிய பெல்ட்டுக்கும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய வித்தியாசம்தான், கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் கலிப்பர் வைத்துப் பார்த்து, உங்கள் மாடலுக்குக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். மெலிந்த பெல்ட் முன் கப்பியின் விளிம்புவரை ஏறாது, அதனால் உச்ச வேகம் குறையும். சமவெளிக்காரருக்கு இதுதான் முதல் எச்சரிக்கை. மலையில் நாம் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை, ஆகவே எச்சரிக்கை வந்தாலும் நமக்குத் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

வேறு வகை பெல்ட்டின் ஆலோசனையை இதற்குப் போடுவது

இணையத்தில் தேடினால் "மெல்லிய வெடிப்பு பரவாயில்லை, ஓட்டலாம்" என்று ஒரு அறிவுரை கிடைக்கும். அது பொய் இல்லை, ஆனால் நம் பெல்ட்டுக்குச் சொன்னதும் இல்லை. ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய பைக்குகளில் சங்கிலிக்குப் பதிலாக எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் பல்வைத்த பெல்ட் ஓடுகிறது. அங்கே பிடிப்பது பல், பக்கச் சரிவு அல்ல. அந்த வகையில் பல்லின் உட்பக்கத்தில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். ஓர நூல் லேசாகப் பஞ்சு மாதிரிப் பிரிந்திருந்தாலும் அப்படியே. பல் விழுந்திருந்தால், பல் கொக்கியாகத் தேய்ந்திருந்தால், பல்லின் வெளிப்பக்கம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். கல் அடித்த சேதம் ஓரத்தில் இருந்தாலும் அப்படித்தான். தேய்ந்த பல்லோடு ஓடியிருந்தால் சக்கரப் பல்லும் சேர்ந்தே மாற வேண்டும். இந்தச் சலுகைகள் ஸ்கூட்டரின் வி பெல்ட்டுக்குச் செல்லாது. அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்கிறது. அதன் வெடிப்பு இருந்த இடத்தில் நிற்காது.

எல்லாப் பழியையும் பெல்ட்டின் மேல் போடுவது

தேவையில்லாமல் மாற்றுவதும் தவறுதான், பெல்ட் விலை யாருக்கும் லேசானதல்ல. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஸ்கூட்டரில் வந்த தம்பிமார் "வண்டி இழுக்கவில்லை, பெல்ட் போய்விட்டது" என்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான், எஞ்சினின் பலமும் அந்தளவுக்குக் குறையும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது, கருகின ரப்பர் வாடை அடிக்கிறது என்றால் பெல்ட்டையும் கிளட்சையும் சந்தேகியுங்கள். எஞ்சினே மந்தமாகச் சுற்றுகிறது என்றால் காற்று, ஏர் பில்டர், எரிபொருள் பக்கம் பாருங்கள்.

புறப்படும்போது மட்டும் வண்டி குலுங்கினால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச். ஓடும்போது கவருக்குள் கடகடவென்று சத்தம் வந்தால் வேரியேட்டர் ரோலர்கள் (முன் கப்பிக்குள் இருக்கும் சிறிய உருளைகள்) ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம். பனி விழும் ஜனவரிக் காலையில் கொஞ்ச நேரம் கிறீச்சிட்டு அப்புறம் அடங்கும் சத்தத்துக்காக மட்டும் பெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம், திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒயில் பட்டதைத் துடைத்துப் போடுவது

பெல்ட் ஈரமாகப் பளபளத்தால் அது தண்ணீரா ஒயிலா என்று முதலில் தெரிய வேண்டும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையில் வெள்ளம் ஓடும் வீதியில் போனால் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகலாம். காயவைத்துவிட்டால், பெல்ட் நல்லதாக இருந்தால், தொடர்ந்து ஓட்டலாம். ஒயில் அப்படியில்லை, ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். பெற்றோல் துணியால் துடைத்து மறுபடி மாட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு, மன்னிக்கக் கூடாத தவறும் அதுதான். ஒயில் எஞ்சின் சீலிலிருந்தோ பின்னால் கியர் சீலிலிருந்தோ வந்திருக்கும், இல்லாவிட்டால் பின் கப்பியில் அளவுக்கு மீறிப் பூசிய கிறீஸாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிய பெல்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். சத்தம் போகட்டும் என்று மெழுகோ ஸ்பிரேயோ அடிப்பதும் இதே ரகம்.

மாற்றும்போது செய்யும் பிழை

பெல்ட்டை மட்டும் மாற்றி, தேய்ந்த ரோலரையும் பள்ளம் விழுந்த கப்பி முகத்தையும் அப்படியே விட்டால் புதிய பெல்ட் சீக்கிரம் கெடும். கப்பி முகத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். படி மாதிரித் தட்டினால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றை அருகில் நின்று கவனிக்க வேண்டும். புதிய பெல்ட் முன் கப்பியில் மேலே நிற்கும்போது நட்டை இறுக்கினால், கப்பி முகம் பெல்ட்டைக் கவ்விப் பிடித்து, நட் இறுகிவிட்டதுபோல் கைக்குக் காட்டும். வண்டி ஓடி பெல்ட் இடத்தில் உட்கார்ந்ததும் நட் தளர்ந்து, கப்பி மாட்டியிருக்கும் எஞ்சின் தண்டின் பல்லையே தின்றுவிடும். அதனால் முதலில் பின் கப்பியை விரித்து, பெல்ட்டை அங்கே உள்ளே அமுக்கி, முன்னால் தளர்வு கிடைத்த பிறகே நட்டைப் பூட்ட வேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசை. எண்ணெய்க் கை படாமல் அந்தத் திசையிலேயே மாட்ட வேண்டும்.

வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வந்த வெவ்வேறு வருட மாடல்களுக்கு அகலமும் நீளமும் மாறலாம். பழைய பெல்ட்டின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். பண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் போன்ற பெல்ட் தயாரிப்பாளர்களின் பொருளோ கம்பெனி சாமானோ எதுவானாலும் இலக்கம் பொருந்த வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு புதிய பெல்ட்டை மடிக்காமல், வெயில் படாமல் வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். அவசரத்துக்கு உள்ளூர்க் கடையில் உங்கள் மாடல் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஏற்றத்தில் அக்சிலேட்டரால் நிறுத்தி வைப்பது

வீதி மறித்து வேலை நடக்கும் இடங்களில், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அக்சிலேட்டரை லேசாகத் திருகி வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் அதிகம். அந்த நேரம் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். கிளட்சும் பெல்ட்டும் இருப்பது ஒரே கவருக்குள், அந்தச் சூடு முழுவதும் பெல்ட்டுக்கு. பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். கவரின் காற்று வழியில் சேறு அடைத்திருக்கிறதா என்று சேர்விஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

அறுந்த பிறகு இறக்கத்தில் உருட்டிப் போவது

"கீழே நானுஓயா வரைக்கும் இறக்கம்தானே, உருட்டிக்கொண்டே போய்விடலாம்" என்று சொல்லாதீர்கள். எஞ்சின் பிடிப்பு துளியும் இல்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி நீண்ட இறக்கம் இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். பெல்ட் அறுந்தது தெரிந்ததும் அக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, மலைப் பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சினைத் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டாம், அறுந்த நூல் கிளட்சைச் சுற்றிக்கொண்டு செலவைக் கூட்டும். பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு, ஒரு பட்டா லொறிக்கு அழைப்பெடுங்கள். கராஜில் புதிய பெல்ட் போடும் முன் அறுந்த துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா, கிக்கர் பல்லுக்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து ஒருமுறை பாருங்கள்.